400 டிகிரி, 30 மணி நேரம்: வனேடியம் பாய்வு மின்கலத்தின் கிராஃபைட் ஃபெல்ட் – ஒரு நிகழ்வு ஆய்வு

தொட்டிகளில் இருக்கும் வனேடியக் கரைசலைப் பம்ப் செய்து மின்சாரத்தைச் சேமிக்கும் வனேடியம் பாய்வு மின்கலத்தில் கை வைக்கும் எந்த ஆய்வகத்திலும் இரண்டு எண்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்: 400 டிகிரி செல்சியஸ், 30 மணி நேரம். கடையிலிருந்து வந்த கிராஃபைட் ஃபெல்ட்டை, அதாவது கரி இழைகளாலான கம்பளி போன்ற துணியை, அந்தச் சூட்டில், அவ்வளவு நேரம், சாதாரணக் காற்றிலேயே உலையில் வைத்து எடுத்தால் மின்முனை தயார் என்பார்கள். எந்த ஃபெல்ட், யார் தயாரித்தது, எந்தப் பக்கத்துக்கு என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

எண்கள் வந்த இடம் தெரிந்ததுதான். சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மரியா ஸ்கைலஸ்-கசாகோஸின் குழு 1980-களில் வனேடியம் மின்கலத்தை உருவாக்கியது. 1992-ல் அதே குழு கிராஃபைட் ஃபெல்ட்டைச் சூடேற்றிப் பதப்படுத்திய முடிவுகளை வெளியிட்டது. 400 டிகிரியில் 30 மணி நேரம் இருந்த ஃபெல்ட்டைப் பொருத்தியபோது, சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லி ஆம்பியரில் மின்கலத்தின் ஆற்றல் திறன், அதாவது ஏற்றிய ஆற்றலில் திரும்பக் கிடைப்பது, 78 சதவீதத்திலிருந்து 88 சதவீதமாக ஏறியது. மேற்பரப்பில் உண்டான ஆக்சிஜன் தொகுதிகளும் ஃபெல்ட் நன்றாக நனையத் தொடங்கியதுமே காரணம் என்பது அவர்கள் விளக்கம்.

விலையுயர்ந்த வினையூக்கி இல்லை, புதுப் பொருள் இல்லை, ஓர் உலை மட்டும்தான். அதில் 10 சதவீதப் புள்ளி கிடைத்தது. அந்த 10 புள்ளி எங்கிருந்து வந்தது, இன்று அதே செய்முறையை எடுத்தால் எங்கே வழுக்கும், இரண்டு மின்முனைக்கும் அது ஒரே மாதிரி பொருந்துமா என்பவையே இந்த ஆய்வின் கேள்விகள்.

கரிக்கு வந்து சேர்ந்த கதை

வனேடியம் மின்கலத்தில் இரண்டு தொட்டியிலும் வனேடியமே இருக்கும். ஆக்சிஜனேற்ற நிலை மட்டும் வேறு. எதிர்முனையில் 2-க்கும் 3-க்கும் இடையிலும், நேர்முனையில் 4-க்கும் 5-க்கும் இடையிலும் அது மாறிக்கொண்டிருக்கும். கண்ணாலேயே பார்க்கலாம்: 2 ஊதா, 3 பச்சை, 4 நீலம், 5 மஞ்சள். திட்ட மின்னழுத்தம் எதிர்முனைக்கு −0.26 வோல்ட், நேர்முனைக்கு +1.00 வோல்ட். தாளில் 1.26 வோல்ட் என்றாலும் அடர்ந்த கந்தக அமிலத்தில் பாதி சார்ஜ் ஏறிய மின்கலம் திறந்த சுற்றில் 1.4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்.

இவ்வளவு அமிலத்திலும் 5 நிலை வனேடியத்திலும் தாக்குப்பிடிக்கும் உலோகம் அரிது. 1987-ல் அதே குழு தங்கம், ஈயம், டைட்டானியம், இரிடியம் ஆக்சைடு பூசிய டைட்டானியம் எல்லாவற்றையும் சோதித்தது. ஈயத்திலும் டைட்டானியத்திலும் மின்சாரத்தை மறிக்கும் படலம் உருவாகிவிட்டது. இரிடியம் ஆக்சைடு நன்றாகவே வேலை செய்தது. ஆனால் அதன் விலையில் பெரிய மின்கலம் கட்ட முடியாது. மிஞ்சியது கரி.

கரியும் அங்கே பத்திரமாக இல்லை. நீர் இருக்கும் இடத்தில் கரி கார்பன் டை ஆக்சைடாக மாறத் தேவையான திட்ட மின்னழுத்தம் 0.207 வோல்ட்தான். நேர்முனை எப்போதுமே அதற்கு வெகு மேலே 1 வோல்ட்டில் நிற்கிறது. வெப்ப இயக்கவியல்படி அந்த ஃபெல்ட் சதா எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த வினை மிகமிக மெதுவாக நடப்பதால்தான் மின்கலம் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏற்றினால் அந்த மெத்தனம் போய்விடும்: நேர்முனையில் ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்பும், ஃபெல்ட்டும் பின்னால் உள்ள கிராஃபைட் தட்டும் அரிபடும். ஒரு மின்கலத்துக்கு மேல் வரம்பாக 1.65 வோல்ட்டை வைப்பதற்கு முக்கியக் காரணம் இது.

ஃபெல்ட்டைக் கணக்கு போட்டுப் பார்த்தால்

ஸ்வெட்டர் நூலாகும் அக்ரிலிக் இழையின் நெருங்கிய உறவு பாலிஅக்ரைலோநைட்ரைல். அந்த இழையைக் கம்பளி போல ஊசியால் குத்திக் கோத்து, 200 முதல் 300 டிகிரியில் காற்றில் வாட்டி, பிறகு காற்றில்லாமல் 1000 டிகிரிக்கு மேல் கரியாக்கி, இன்னும் மேலே 2000 டிகிரியை ஒட்டிக் கொண்டுபோனால் கிராஃபைட் ஃபெல்ட். ரேயான் இழையிலிருந்து செய்வதும் உண்டு. கடைசிச் சூடு எவ்வளவு என்பது மூட்டையில் எழுதியிருக்காது. ஆனால் பின்னால் நம் உலையில் நடக்கப்போவதை அதுதான் தீர்மானிக்கும்: குறைந்த சூட்டில் நின்ற கரி ஃபெல்ட் சீக்கிரம் எரியும், நன்கு கிராஃபைட் ஆனது லேசில் எரியாது.

5-க்கு 5 சென்டிமீட்டர், அதாவது 25 சதுர சென்டிமீட்டர் சோதனைக் கலத்தை எடுத்துக்கொள்வோம். ஃபெல்ட் 4.6 மில்லிமீட்டர் தடிமன், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.1 கிராம், இழையின் விட்டம் 10 மைக்ரோமீட்டர், இழைப் பொருளின் அடர்த்தி 1.8 கிராம் என்று வைப்போம். சந்தையில் கிடைப்பவை இதற்கு அக்கம்பக்கத்தில்தான் இருக்கும்.

துண்டின் எடை 1.15 கிராம். 94 சதவீதத்துக்குச் சற்று மேல் வெற்றிடம். இழைகளின் வெளிப்பரப்பு கிராமுக்கு 0.22 சதுர மீட்டர். மொத்தம் ஏறத்தாழ 2,550 சதுர சென்டிமீட்டர், அதாவது கலத்தின் பரப்பைப்போல் 100 மடங்கு. வெளியே சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி ஆம்பியர் ஓடும்போது, இழையின் மேல் உண்மையில் 1 மில்லி ஆம்பியர்தான் விழுகிறது. ஃபெல்ட்டின் முழுப் பலமும் இந்த 100 மடங்கில் இருக்கிறது.

ஆனால் அந்தப் பரப்பு நனைந்தால்தான் கணக்கில் சேரும். கிராஃபைட் ஆன புதுத் துண்டின் மேல் ஒரு சொட்டு மின்பகுளியை, அதாவது தொட்டியில் இருக்கும் வனேடியம் கரைந்த அமிலத்தை, விட்டுப் பாருங்கள்: தாமரை இலையில் தண்ணீர் போல உருண்டு நிற்கும். துண்டை முழுதாக அமிழ்த்தினாலும் உள்ளே காற்றுக் குமிழிகள் சிக்கிக்கொள்ளும். பாதி ஃபெல்ட் வறண்டிருந்தால் 1 மில்லி ஆம்பியர் 2 ஆகிவிடும். வறண்ட பகுதி ஒரே சீராகப் பரவியிருக்காது என்பதால் சில இடங்களில் சுமை இன்னும் கூடும்.

10 சதவீதம் என்பது எவ்வளவு ஓம்?

திறன் சதவீதம் கேட்க நன்றாயிருக்கும், ஆனால் பொறியியலுக்கு மின்தடைதான் பேசும். சார்ஜிலும் டிஸ்சார்ஜிலும் இழப்பு சமம், சராசரித் திறந்த மின்னழுத்தம் 1.4 வோல்ட், கூலம்ப் திறன் (ஏற்றிய மின்னூட்டத்தில் திரும்பக் கிடைப்பது) 100 சதவீதம் என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். 78 சதவீதத் திறனுக்கு ஒவ்வொரு திசையிலும் 0.173 வோல்ட் இழப்பு வருகிறது. 88 சதவீதத்துக்கு 0.089 வோல்ட். இரண்டையும் 25 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 6.9 மற்றும் 3.6 ஓம்·சதுர சென்டிமீட்டர். கூலம்ப் திறன் 100-க்குக் கீழே இருந்தால் இரண்டும் சற்றுக் குறையும். ஆனாலும் உலை மட்டும் ஏறத்தாழ 3 ஓம்·சதுர சென்டிமீட்டரைக் குறைத்திருக்கிறது என்பது நிற்கும்.

இந்தக் கணக்கில் ஒரு எச்சரிக்கையும் ஒளிந்திருக்கிறது. இன்றைய நல்ல கலங்களின் மொத்தத் தடையே 1 ஓம்·சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போகிறது. அதாவது 1992-ல் கிடைத்த 3 ஓம் லாபம் இன்றைய கலத்தில் கிடைக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அங்கே எடுக்க 3 ஓம் இல்லை. பதப்படுத்தாத ஃபெல்ட்டை மோசமாக அமுக்கி, காற்றுக் குமிழியோடு ஓடவிட்டு, அதற்கு எதிரே பதப்படுத்தியதை நிறுத்தினால் எந்த முறையும் அமோகமாகத் தெரியும். ‘எங்கள் பதப்படுத்தலில் 15 சதவீதம் கூடியது’ என்று ஒரு அறிக்கை சொன்னால், முதலில் ஒப்பிட்ட கலத்தின் தடையைப் பாருங்கள்.

உலைக்குள் என்ன நடக்கிறது

ஒரே நேரத்தில் நான்கு வேலை. இழையின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பசையும் தூசியும் எரிந்து போகின்றன. கிராஃபைட் அடுக்குகளின் தட்டையான முகம் லேசில் அசையாது. விளிம்புகளும் குறைபாடுகளும் முதலில் எரிகின்றன, அதனால் புது விளிம்புகள் திறக்கின்றன. அந்த விளிம்புகளில் ஹைட்ராக்சில், கார்பனைல் தொகுதிகள் ஒட்டுகின்றன. நான்காவதாக இழை சொரசொரப்பாகிறது. இவற்றில் எது எவ்வளவு லாபம் தந்தது என்று மின்கலத்தின் திறனை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது; நனைதல் மட்டுமேகூட பெரும்பங்கைத் தந்திருக்கலாம். அதே குழு இரண்டாவது வழியாகக் கொதிக்கும் அடர் கந்தக அமிலத்தில் 5 மணி நேரம் வைத்தும் முன்னேற்றம் கண்டது. அது வேகமானதுதான், ஆனால் அமிலத்தை ஃபெல்ட்டிலிருந்து கழுவி எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். புகை, அபாயம், கழிவு எல்லாம் வேறு. உலை இருக்கும் இடத்தில் இதற்குப் போக வேண்டியதில்லை.

சூடு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? கரி எரியும் வினையின் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 170 கிலோஜூல் என்று எடுத்தால், 400 டிகிரிக்குப் பதில் 425 டிகிரி இருந்தால் எரியும் வேகம் 3 மடங்கு. 500 டிகிரியில் ஏறத்தாழ 50 மடங்கு. சிறிய மஃபிள் உலையில் கதவோரத்துக்கும் பின்சுவருக்கும் இடையே 25 டிகிரி வித்தியாசம் ஆச்சரியமே இல்லை. பின்சுவரை ஒட்டி வைத்த துண்டுக்கு உங்கள் 30 மணி நேரம் 90 மணி நேரமாகிவிடுகிறது. உலையின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்ப வேண்டாம். ஃபெல்ட்டை ஒட்டி இன்னொரு வெப்பமின் இரட்டையை வையுங்கள்.

ஆகவே நேரத்தைவிட எடை நல்ல அளவுகோல். ஒவ்வொரு துண்டையும் 110 டிகிரியில் 1 மணி நேரம் உலர்த்தி, உலர்கலத்தில் ஆறவிட்டு, மில்லிகிராம் தராசில் எடை போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். உலையிலிருந்து எடுத்த பிறகு மறுபடியும். 5 சதவீத இழப்பு என்றால் 1.15 கிராம் துண்டில் 58 மில்லிகிராம். ஒரே சீராக எரிந்திருந்தால் இழையின் விட்டம் 10-லிருந்து 9.75 மைக்ரோமீட்டர் ஆகியிருக்கும், கவலையில்லை. ஆனால் ஒரே சீராக எரியாது. குழிகளாகவும் கழுத்துகளாகவும் எரியும், இழை அங்கே முறியும். எங்கள் தீர்ப்பு: 5 சதவீதத்தைத் தாண்டிய துண்டைக் கலத்தில் போடாதீர்கள். விரலால் தேய்த்துக் கரித்தூள் கையில் ஒட்டினால் எடை சரியாக இருந்தாலும் கழித்துவிடுங்கள். அந்தத் தூள் நாளைக்கு வடிகட்டியை அடைக்கும்.

புது வகை ஃபெல்ட் கைக்கு வந்தால் ஒரே தாளிலிருந்து 5 துண்டு வெட்டி, 400 டிகிரியில் 3, 6, 12, 24, 30 மணி நேரங்களில் ஒவ்வொன்றாக எடுத்து எடை இழப்பையும் சொட்டு உறிஞ்சும் நேரத்தையும் வரைபடமாகப் போடுங்கள். சொட்டு உடனே மறையும் நிலை எப்போது வந்துவிட்டது என்று அதிலேயே தெரியும். அதற்குப் பிறகு உலையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் போவது இழையின் பலம்.

உலை வேலையில் வழக்கமாக வழுக்கும் இடங்கள்

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது முதல் தவறு. நடுவில் உள்ளதற்குக் காற்று போதாது. மேல் துண்டு கூடுதலாக எரியும், நடுத்துண்டு பச்சையாகவே வரும். குவார்ட்ஸ் அல்லது பீங்கான் தாங்கிகளில் ஓரம் தொட்டு நிற்கும்படி, இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். உலை முற்றிலும் மூடியிருந்தாலும் ஆக்சிஜன் தீரும். ஆகவே சிறு துளை திறந்திருக்கட்டும், ஆனால் விசிறியால் ஊத வேண்டாம்.

வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கின்றன. கார உலோக உப்புகள் கரி எரிவதை ஊக்குவிக்கும். கை பட்ட இடம் மற்ற இடத்தைவிட வேகமாக அரிபடும். துருப்பிடித்த பிளேடால் வெட்டினாலும் இதே கதை. மேலும் இரும்பு கலந்த ஓரம் எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழியைக் கூட்டலாம். நைட்ரைல் கையுறை, புது பிளேடு, இரண்டும் செலவில்லாத விஷயங்கள்.

உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அளவு கொஞ்சம்தான், ஆனால் இரவு முழுதும் ஓடும் உலையை மூடிய அறையில் விட்டுப் போகக் கூடாது. புகைபோக்கியின் கீழ் வையுங்கள். 400 டிகிரியில் திறந்து துண்டை வெளியே இழுக்காதீர்கள். 100 டிகிரிக்குக் கீழே இறங்கிய பிறகு எடுத்தால் போதும்.

பதப்படுத்திய துண்டை அன்றே பயன்படுத்துவது நல்லது. அறைக் காற்றில் இருக்கும் கரிமப் புகை, சிலிக்கோன் பசையின் ஆவி, கைத்தூசி எல்லாம் மேலே படிந்து நனையும் தன்மையைக் கெடுக்கும். ஒரு வாரம் அலமாரியில் கிடந்த துண்டில் மறுபடி சொட்டு சோதனை செய்யுங்கள். உருண்டால் அலமாரியைச் சந்தேகியுங்கள், உலையை அல்ல.

கலத்தைப் பூட்டுவது

ஃபெல்ட் எவ்வளவு அமுங்குகிறது என்பதை போல்ட்டின் இறுக்கம் தீர்மானிக்கக் கூடாது; சட்டத்தின் ஆழம் தீர்மானிக்கட்டும். 4.6 மில்லிமீட்டர் ஃபெல்ட்டுக்கு 3.5 மில்லிமீட்டர் இடம் விட்டால் 24 சதவீத அமுக்கம். கேஸ்கெட் இறுகிய பிறகு இடைவெளி 3.5-ல் நிற்கிறதா என்று நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். எதிரெதிர் மூலையாகக் குறுக்குவாட்டில் மூன்று சுற்றில் முறுக்க வேண்டும்.

அமுக்கினால் என்ன கிடைக்கும், என்ன போகும்? இழைக்கும் பின்தட்டுக்கும் இடையிலான தொடு தடை குறைகிறது. அதே சமயம் வெற்றிடம் 94.4-லிருந்து 92.7 சதவீதமாகிறது. பார்க்க அற்பம். ஆனால் ஓட்டத்துக்கு அது அற்பமில்லை: நுண்துளை ஓட்டத்தின் வழக்கமான கோசெனி-கார்மன் சமன்பாட்டில் போட்டால், அதே அளவு மின்பகுளியைத் தள்ள 2.4 மடங்கு அழுத்தம் வேண்டும். 40 சதவீதம் அமுக்கினால் 5 மடங்கைத் தாண்டும். அங்கே மிச்சப்படும் தொடு தடை பம்ப்பின் மின்சாரச் செலவில் போய்விடும். 20 முதல் 30 சதவீதம் என்ற வழக்கத்தை மீற எங்களுக்கு நல்ல காரணம் எதுவும் தெரியவில்லை.

ஓரத்தில் விடும் இடைவெளி இன்னும் பெரிய பாவம். ஃபெல்ட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் சந்து இருந்தாலும் மின்பகுளி ஃபெல்ட்டுக்குள் போகாமல் சந்து வழியே ஓடிவிடும். நீளத்திலும் அகலத்திலும் அரை மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி நெருக்கி உள்ளே தள்ளுங்கள். இப்படிச் செய்யாத கலத்தில் மின்னோட்டத்தைக் கூட்டும்போது மின்னழுத்தம் திடீரெனச் சரியும்; ‘மின்முனையின் செயல்திறன் குறைவு’ என்று பழியை ஃபெல்ட்மேல் போட்டுவிடுவோம்.

50 மில்லி லிட்டர் தொட்டி இரண்டு, 1.6 மோலார் வனேடியம்; ஒரு பக்கத்தின் கொள்ளளவு 2.14 ஆம்பியர்-மணி. சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி ஆம்பியர் என்றால் 2.5 ஆம்பியர், முழு சார்ஜுக்குக் கணக்குப்படி 51 நிமிடம். விற்பனைக்கு வரும் மின்பகுளி பெரும்பாலும் 3-ம் 4-ம் சரிபாதி கலந்தது. ஆகவே முதல் சார்ஜுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 3.2 ஆம்பியர்-மணி வேண்டும். இதை மறந்து முதல் சார்ஜைப் பாதியில் நிறுத்திவிட்டு ‘கொள்ளளவு குறைவு’ என்று எழுதுவது புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை.

எவ்வளவு வேகமாகப் பம்ப் செய்ய வேண்டும்? 90 சதவீதம் சார்ஜ் ஏறிய நிலையில் மிச்சம் இருப்பது 0.16 மோலார்தான். அந்த நிலையில் 2.5 ஆம்பியருக்குத் தேவையான மூலப்பொருள் மட்டும் நிமிடத்துக்கு 9.7 மில்லி லிட்டரில் வந்துவிடும். ஆனால் அதில் மின்முனைக்கு எட்டாமல் போவது உண்டு. 40 முதல் 60 மில்லி லிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். கலத்தைச் செங்குத்தாக நிறுத்தி, கீழிருந்து மேலாக நிரப்பி, நிரம்பும்போது லேசாகச் சாய்த்துத் தட்டினால் சிக்கிய காற்று வெளியேறும். எதிர்முனைத் தொட்டியின் மேல் நைட்ரஜன் கட்டாயம்: 2 நிலை வனேடியம் காற்றைப் பார்த்தால் சத்தமில்லாமல் 3 ஆகும், ஊதா பச்சையாகும். வெப்பம் 10-க்கும் 40-க்கும் இடையே நிற்கட்டும். மேலே போனால் 5 நிலை வனேடியம் வனேடியம் பென்டாக்சைடாகப் படிந்து ஃபெல்ட்டை அடைக்கும். கீழே போனால் எதிர்ப்பக்கத்தில் சல்ஃபேட் உப்பு படியும். வனேடியம் நச்சு, கழிவைச் சாக்கடையில் விடாதீர்கள்.

ஒரே மருந்து, இரண்டு நோயாளிகள்

1992-க்குப் பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள், ‘ஆக்சிஜன் தொகுதி கூடினால் இரு பக்கமும் வேகம் கூடும்’ என்பது பாடமாகவே இருந்தது. அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகக் குழுவும் அமெரிக்கக் கூட்டாளிகளும் 2015-ல் வெளியிட்ட முடிவு வேறு சொன்னது. கரியை மின்னோட்டத்தால் ஆக்சிஜனேற்றம் செய்தால் 2-3 வினை வேகமாகிறது, 4-5 வினை மந்தமாகிறது. ஒடுக்கினால் இதற்கு நேர் எதிர். 2016-ல் இன்னொரு ஐரோப்பியக் குழு, ஆக்சிஜன் தொகுதிகள் 2-3 வினைக்கு உதவுவதையும் 4-5 வினையைத் தடுப்பதையும் தனித்தனியாக அளந்து காட்டியது. எதிர்முனையே பெரும்பாலும் கலத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதையும் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

அப்படியானால் 88 சதவீதம் பொய்யா? இல்லை. மந்தமான எதிர்முனைக்குப் பெரிய லாபம், நேர்முனைக்குச் சிறிய நஷ்டம், இரண்டுக்கும் நனைதலில் லாபம். கூட்டிப் பார்த்தால் மேலே போகிறது. முழுக் கலத்தின் திறனை மட்டும் அளப்பதால் இந்தச் சண்டை வெளியே தெரிவதில்லை.

பிரித்துப் பார்க்க வழி எளிது, யாரும் அதிகம் செய்வதில்லை என்பதுதான் வருத்தம். பாதி சார்ஜ் ஏறிய கலத்தின் எதிர்ப்பக்க மின்பகுளியை மட்டும் எடுங்கள்: 2-ம் 3-ம் சமமாக இருக்கும். அந்த ஒரே தொட்டியிலிருந்து இரு அறைகளுக்கும் பம்ப் செய்யுங்கள், நைட்ரஜனுக்குக் கீழேதான். திறந்த மின்னழுத்தம் 0 காட்ட வேண்டும். இப்போது கலத்தில் மின்னோட்டம் விட்டால் ஒரு பக்கம் 2 நிலை 3 ஆகும், மறுபக்கம் 3 நிலை 2 ஆகும். தொட்டியின் கலவை மாறாது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து, பரப்பால் பெருக்கினால் இரண்டு எதிர்முனை மின்தடையும், இரு அறைகளையும் பிரிக்கும் சவ்வின் தடையும் சேர்ந்த மொத்தம் கிடைக்கும். அதிக அதிர்வெண் மாறுமின்னோட்டத்தில் அளந்த தடையை (சவ்வும் தொடும் இடங்களும் தருவது) கழித்தால் மிச்சம் மின்முனைகளுடையது; பாதியாக்கினால் ஒரு முனைக்கு.

நேர்ப்பக்கத்தின் 4-5 மின்பகுளியோடும் இதையே செய்யுங்கள். பதப்படுத்தாதது, 6 மணி நேரம், 30 மணி நேரம் என மூன்று ஃபெல்ட்டுகளுக்கு இரண்டு பக்கமும் அளந்தால் மொத்தம் 6 எண்கள். அவற்றைப் பார்த்த பிறகு எந்தப் பக்கத்துக்கு எது என்று முடிவு செய்ய யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பொதுவாக எதிர்முனைக்கு நன்றாகப் பதப்படுத்தியதும், நேர்முனைக்கு நனையும் அளவுக்கு மட்டும் லேசாகப் பதப்படுத்தியதும் பொருந்தும். ஒரு கலத்தில் இரண்டு விதமான ஃபெல்ட் இருக்கலாம். இரண்டையும் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் சூடேற்ற வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பயன்படுத்தியதில் என்ன மாறுகிறது

ஓடத் தொடங்கிய பிறகு ஃபெல்ட் தானாகவும் மாறும். நேர்ப்பக்கம் 5 நிலை வனேடியத்தாலேயே ஆக்சிஜனேற்றம் ஆகிறது. எதிர்ப்பக்கம் ஒடுக்கும் சூழலில் தன் ஆக்சிஜன் தொகுதிகளை இழந்து வரலாம். கூடவே ஹைட்ரஜன் குமிழிகள் இழைகளுக்கிடையே ஒட்டிக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து, சில நூறு சுற்றுகளுக்குப் பிறகு முதலில் களைப்பது எதிர்முனையாகவே இருக்கும். சார்ஜ் ஏறும்போது மின்னழுத்தம் உயர்கிறது, அதிக அதிர்வெண் தடை மாறவில்லை, எதிர்ப்பக்கக் குழாயில் குமிழி தெரிகிறது என்றால் சவ்வைக் குற்றம் சொல்லாதீர்கள். எதிர்முனை ஃபெல்ட்டைப் பாருங்கள். அதிக அதிர்வெண் தடையே உயர்ந்திருந்தால் அது வேறு கதை: சவ்வு, தளர்ந்த போல்ட் அல்லது அரிபட்ட பின்தட்டு.

ஆய்வகக் கலத்தில் ஒரு தந்திரம் உண்டு. முழுவதும் டிஸ்சார்ஜ் செய்து, இரு மின்பகுளியையும் கலந்து மறுபடி 3-4 சரிபாதியாக்கி, மின்சார இணைப்பை மாற்றிப்போட்டு ஓட்டுவது. இதுவரை எதிர்முனையாக இருந்த ஃபெல்ட் நேர்முனையாகி ஆக்சிஜன் தொகுதிகளைத் திரும்பப் பெறும். நேர்முனையில் ஆக்சிஜன் ஏறிய ஃபெல்ட் எதிர்ப்பக்கத்துக்கு வந்து வேகம் காட்டும். மின்பகுளி முழுதும் டிஸ்சார்ஜ் ஆகாமல் இணைப்பை மாற்றாதீர்கள். 5 நிலையும் 2 நிலையும் நேருக்கு நேர் கலந்தால் சூடு கிளம்பும்.

வேறு வழிகளும் சோதிக்கப்பட்டுள்ளன. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகம் 2013-ல் எதிர்ப்பக்கத்துக்கு பிஸ்மத்தைச் சேர்த்து, ஃபெல்ட்டின் மேல் நுண்துகளாகப் படியவிட்டு வேகத்தைக் கூட்டிக் காட்டியது. பிஸ்மத்தை எதிர்ப்பக்கத்துக்கு நாசா காலத்து இரும்பு-குரோமியம் கலங்களிலேயே பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்னொரு பாதை கரித்தாள்: டென்னசி பல்கலைக்கழகக் குழு 2012-ல் ஃபெல்ட்டை விட்டுவிட்டு, அரை மில்லிமீட்டரும் இல்லாத கரித்தாள்களைச் சவ்வோடு ஒட்டி வைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 557 மில்லி வாட் உச்சத் திறன் எடுத்தது. அங்கே லாபம் பெரும்பாலும் தூரம் குறைந்ததில்; ஆனால் ஓட்டப் பாதைகள் குடைந்த தட்டும், நல்ல வடிகட்டியும், கறாரான அமுக்கமும் வேண்டும். ஃபெல்ட் போல அது மன்னிக்காது.

பதப்படுத்தி முடித்த ஒவ்வொரு துண்டையும் தனி உறையில் போட்டு, மேலே இவ்வளவு எழுதினால் போதும்: தாளின் தொகுதி எண், உலர்ந்த எடை முன்னும் பின்னும், ஃபெல்ட்டை ஒட்டிய வெப்பமானி காட்டியது, உலையில் வைத்த இடம், சொட்டு உறிஞ்சிய நேரம், எந்தப் பக்கத்துக்கு என்பது.